மருத்துவர் தேடும் தளத்தை நம்பி 1,186 டாலர் போனது: அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று மாலை தபாலில் பில் வந்தது. 1,186 டாலர். இரவெல்லாம் தூக்கம் இல்லை. இங்கே புதிதாக மருத்துவர் தேடுகிற நம்மவர்களில் ஒருவராவது தப்பிக்கட்டும் என்று ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் கணவருக்கு இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. வேலை மாறியதில் காப்பீடும் மாறிவிட்டது. பழைய மருத்துவர் புதிய காப்பீட்டில் இல்லை. ஒரு தளத்தில் தேடினேன். பெயர் வேண்டாம். மருத்துவரின் படம், படிப்பு, நட்சத்திரங்கள், ஏற்கும் காப்பீடுகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டி, அங்கேயே அப்பாயின்ட்மென்டும் போட்டுத் தருகிற வகைத் தளம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இன்டர்னல் மெடிசின் (பெரியவர்களுக்கான பொது மருத்துவம்) மருத்துவர் கிடைத்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. எந்த மருத்துவக் கல்லூரி, எங்கே மூன்றாண்டு ரெசிடென்சி (படிப்புக்குப் பின் மருத்துவமனைப் பயிற்சி) என்று வரிவரியாகப் படித்தேன். அமெரிக்க இன்டர்னல் மெடிசின் வாரியத்தின் தளத்தில் அவர் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அந்தத் துறையில் தேர்ந்தவர் என்று வாரியம் தரும் போர்டு சான்றிதழ் நடப்பில் இருந்தது. மாநில மருத்துவ வாரியத்தில் உரிமத்தையும் பார்த்தேன். ஒழுங்கு நடவடிக்கை ஒன்றும் இல்லை. எல்லாம் அப்படியே பொருந்தியது. அதே பக்கத்தின் அடியில் எங்கள் காப்பீட்டுத் திட்டத்தின் பெயரும் பச்சைக் குறியோடு இருந்தது. மேலே உள்ளதெல்லாம் உண்மையாக இருக்கும்போது இது மட்டும் பொய்யாகுமா என்று எண்ணிவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் சரிபார்க்கவில்லை.

மருத்துவமனை வரவேற்பிலும் கேட்டேன், "எங்கள் காப்பீட்டை எடுத்துக்கொள்வீர்களா?" என்று. "தாராளமாக" என்றார் அந்தப் பெண். அட்டையின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டு 30 டாலர் கோ-பே (ஒவ்வொரு முறை போகும்போதும் நாம் கட்டும் பங்கு) வாங்கினார். மருத்துவர் மீது குறை சொல்ல மாட்டேன், பொறுமையாகப் பார்த்தார். இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தப் பரிசோதனைகள் செய்தார்கள்.

மூன்று வாரம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து 'இது பில் அல்ல' என்ற தலைப்போடு ஒரு கடிதம். மருத்துவர் நெட்வொர்க்குக்கு, அதாவது அவர்களோடு கட்டண ஒப்பந்தம் உள்ள மருத்துவர்களின் வட்டத்துக்கு, வெளியே இருப்பவராம். அதற்குத் தனி டிடக்டிபிளாம், அதாவது காப்பீடு தரத் தொடங்குமுன் நாமே கட்டித் தீர்க்க வேண்டிய தொகையாம். அது தீரும்வரை அவர்கள் ஒரு காசும் தர மாட்டார்களாம். பின்னாலேயே உண்மையான பில். அன்று வாங்கிய 30 டாலரைக் கழித்தது போக 1,186 டாலர்.

இன்று காலையிலிருந்து மூன்று இடங்களுக்கு மாறி மாறிப் பேசிவிட்டேன். மருத்துவமனை சொன்னது: "காப்பீட்டை எடுத்துக்கொள்வோம் என்றால் உங்கள் சார்பில் பில்லை அவர்களுக்கு அனுப்புவோம் என்று பொருள். அவர்களோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருப்பதாக யாரும் சொல்லவில்லையே." இப்படியும் ஒரு பதிலா? நோயாளி வேறு எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்பார்? தளத்தாரிடமிருந்து மூன்று வரி மின்னஞ்சல்: தகவலைச் சரிபார்ப்பது பயனர் பொறுப்பு. காப்பீட்டு நிறுவனமோ, "எங்கள் பட்டியலில் அவர் பெயரே இல்லையே" என்றது.

அங்கேதான் இன்னொரு அடி. 2022 முதல் நடப்பில் உள்ள திடீர் பில் தடைச் சட்டத்தின்படி (No Surprises Act), காப்பீட்டு நிறுவனத்தின் சொந்தப் பட்டியல் தவறாக இருந்து நாம் அதை நம்பிப் போயிருந்தால், நெட்வொர்க்குக்குள் கட்ட வேண்டிய பங்கை மட்டும் கட்டினால் போதும். நான் நம்பியது வெளியார் தளத்தை. அதனால் அந்தப் பாதுகாப்பு எனக்கு இல்லை. 1,186 டாலரும் என் தலையில்.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இவ்வளவுதான்: "எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்காதீர்கள், "என் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா" என்று திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே மருத்துவர் ஒரு கிளினிக்கில் நெட்வொர்க்கில் இருப்பார், இன்னொன்றில் இருக்க மாட்டார், முகவரியையும் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இரத்தப் பரிசோதனைக் கூடமும் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று தனியாக விசாரியுங்கள்.

பில்லைக் குறைக்கச் சொல்லி மருத்துவமனைக்கு இப்போதுதான் கடிதம் அனுப்பினேன். கணவரின் மாத்திரை இன்னும் பன்னிரண்டு நாளுக்குத்தான் இருக்கிறது. அதற்குள் வேறு மருத்துவர் பார்க்க வேண்டும்.