'டவுன்' பக்கத்துக்காகவே கட்டிய சந்தா: ஒரு சொற்பிறப்புச் செயலி

ஸ்காட்லாந்துக் கிராமத்துக் கதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து ஒருவன் வயலிலிருந்து 'டவுனு'க்குத் திரும்புகிறான். 'நகரத்துக்குத் திரும்பினான்' என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்த்த தோழி, "நகரம்னு போட்டிருக்கீங்க, மொத்தமே மூணு வீடுதானே வருது?" என்றார். அன்றிரவே இந்தச் செயலிக்குச் சந்தா கட்டினேன்.

அந்த ஒரு பக்கத்துக்கே கட்டிய பணம் தகும். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'டூன்'. வேலியடைத்த இடம் என்று பொருள். பிறகு தோட்டம், பண்ணை, பண்ணையை ஒட்டிய வீடுகள் என்று விரிந்திருக்கிறது. அதன் உறவுச்சொல்லான 'ட்ஸவுன்' ஜெர்மனில் இன்றும் வேலிதான். டச்சு மொழியில் அதே வேர் தோட்டமாக நிற்கிறது. 1066இல் பிரான்சிலிருந்து நார்மானியர் இங்கிலாந்துக்கு வந்தபின், பிரெஞ்சு 'வில்' என்ற சொல்லுக்கு ஈடாகப் புழங்கிப் புழங்கித்தான் இது பேரூர் ஆனது. அந்த 'வில்'லும் லத்தீனில் பண்ணைவீட்டைக் குறித்த 'வில்லா'விலிருந்து வந்ததுதான்! இங்கிலாந்து ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும் அதே சொல்தான்: நார்ட்டன் வடபண்ணை, சட்டன் தென்பண்ணை, கிங்ஸ்டன் அரசருடைய பண்ணை. படிக்கப் படிக்க நம் 'பட்டி'யே கண்முன் நின்றது. ஆடுமாடு அடைக்கும் பட்டிதானே நம் ஊர்ப்பெயர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது? ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்தப் பழைய பொருளைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். என் கதையின் மூன்று வீடுகளும் அதில் அடக்கம்.

பயன்பாட்டுப் பகுதிதான் ஏமாற்றம். 'சிட்டி' என்றால் பெரிய டவுன் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிரிட்டனில் அது அரச ஆணையால் கிடைக்கும் தகுதி. லட்சம் பேருக்கு மேல் வாழும் ரெடிங் இன்னும் டவுன்தான். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத செயின்ட் டேவிட்ஸ் சிட்டி. மொழிபெயர்ப்பவருக்கு இது தெரியாவிட்டால் தப்பாகிவிடும். தேடலிலும் குறை உண்டு: 'டூன்' என்று தேடினால், அதே எழுத்துகள் கொண்ட மதுப்பீப்பாய்ச் சொல்லுக்குக் கொண்டுபோகிறது. எடைக்குச் சொல்லும் டன் அந்தப் பீப்பாயின் வழி வந்தது. வேலியோடு அதற்கு ஒட்டுறவில்லை.

ஐந்துக்கு நான்கு தருகிறேன், சந்தாவையும் புதுப்பித்துவிட்டேன். கதையில் 'பண்ணைக்குத் திரும்பினான்' என்று திருத்தியாயிற்று. 'பட்டிக்கு' என்று போடத்தான் ஆசை. வாசகர் ஆடுகளைத் தேடுவாரே என்று விட்டுவிட்டேன்.