வேப்பங்கொட்டைக் கரைசல்: சில பருவங்கள் அடித்த பிறகு

அடித்த மறுநாளே செத்த புழுவைத் தேடுகிறவர்களுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் பிடிக்காது. அதிலுள்ள அசாடிராக்டின் உடனே கொல்வதில்லை. புழுவை இலை தின்னவிடாது, தோலுரித்து வளரவும் விடாது. பலன் தெரியச் சில நாள் ஆகும், அதுவும் இளம்புழுக்களிடம்தான். முற்றிய புழுவைக் கையால் பொறுக்குவதே வழி.

அளவு 5 சதவீதம். 10 லிட்டர் டேங்குக்கு ஓடு நீக்கிய பருப்பு அரைக் கிலோ. ஓட்டோடு இடிப்பதானால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எண்ணெய் கசியும் அளவுக்கு அரைக்காமல் கொரகொரப்பாக இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட வேண்டும். வெந்நீர் கூடாது, வீரியம் போய்விடும். காலையில் பால் நிறத்தில் சாறு வரும்வரை பிழிந்து, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி 10 லிட்டராக்கலாம். வடிகட்டச் சோம்பினால் நாசில் அடைத்தே தீரும். காதி சோப்பு 10 முதல் 20 கிராம் கரைத்து அடிக்கும் நேரத்தில் சேர்த்தால் போதும். காரத்தன்மையில் அசாடிராக்டின் சிதையும் என்பதால் முன்கூட்டியே கலந்து வைப்பது வீண். துணிதுவைக்கும் பவுடர் வேண்டாம், இலை கருகும்.

பலன் இல்லை என்று கைவிட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் கோளாறு கொட்டையில்தான் இருக்கும். பூசணம் பிடித்ததும் பிளாஸ்டிக் பையில் புழுங்கியதும் உதவாது. நிழலில் உலர்த்தி, காற்றோடும் சாக்கில் வைத்து, 3 முதல் 8 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அடுத்த கோளாறு நேரம். வெயிலில் மருந்து சீக்கிரம் சிதையும். மாலையில் அடித்தால் தேனீக்களுக்கும் தொல்லை குறைவு. கரைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். சாறு உறிஞ்சும் பூச்சிகளான அசுவினியும் வெள்ளை ஈயும் இலையின் அடிப்புறத்தில்தான் உட்காரும், ஆகவே நாசிலைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடியுங்கள். மழை பெய்தால் திரும்ப அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை.

கத்தரியில் இதன் எல்லை தெரிந்துவிடும். குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்த புழுவை எந்தத் தெளிப்பும் எட்டாது. வாடித் தொங்கும் குருத்தைப் புழுவோடு கிள்ளி அழிப்பதையும், சொத்தைக் காயை வயலில் போடாமல் அகற்றுவதையும் வாரந்தோறும் செய்தால்தான் கரைசலுக்கே மதிப்பு. பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 5 வைக்கலாம். அதன் வாசனைக்குப்பியை மாதம் ஒருமுறை மாற்றாவிட்டால் அது வெறும் டப்பா. மஞ்சள் ஒட்டுப்பொறியை மட்டும் நம்பி வெள்ளை ஈயை ஒழிக்க முடியாது. பூச்சி ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும், அவ்வளவே. நன்மை செய்யும் குளவிகளும் அதில் ஒட்டும்.

அசுவினி அடங்காத செடியில் எறும்பைப் பாருங்கள். தேன்போன்ற கழிவுக்காக அசுவினியைக் காவல் காப்பது அதுதான். எறும்பின் வழியை அடைக்காமல் எத்தனை டேங்க் அடித்தாலும் திரும்ப வரும்.

கொட்டைக்குப் பதில் வேப்பெண்ணெய் அடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் அதே செடியில் கந்தகம் தெளித்தால் இலை தீய்ந்துவிடும்.