1975 செஸ்னா 172எம்: ஒன்பது வருடம் வைத்துப் பறந்த அனுபவம்

எங்கள் குடும்பத் தொழில் கோயமுத்தூரில் பம்ப்செட். அப்பாரு காலத்தில் கணபதியில் ஒரே ஒரு லேத்தோடு ஆரம்பித்த பட்டறை. ஒரு சாமான் தேய்ந்துவிட்டால் அளவெடுப்போம், கடைவோம், மாட்டுவோம், பொழுது சாய்வதற்குள் மோட்டார் ஓடிவிடும். அந்தப் பழக்கத்தோடு ஒரு பழைய விமானத்தை வாங்கினோம். அது எங்கே எங்களைத் தடுத்து நிறுத்தியது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

2016இல் நானும் மச்சானும் ஒரு நண்பரும் மூன்று பங்காக வாங்கினோம். வேறு மாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியை மூடியபோது விலைக்கு வந்தது. லைகாமிங் ஓ-320 இன்ஜின், நான்கு சிலிண்டர், 150 குதிரைசக்தி. ஆள், பெட்ரோல், பை எல்லாம் சேர்த்து 1,043 கிலோவைத் தாண்டக் கூடாது. டேங்கில் சுமார் 144 லிட்டர் பயன்படும். மணிக்கு 30 லிட்டர் கணக்கு வைத்துக்கொள்ளலாம். நான்கு சீட் உண்டு என்றாலும் நான்கு பெரியவர்களும் முழு டேங்கும் பைகளும் ஒன்றாகச் சேராது. சித்திரை வெயிலில் மதியம் என்றால் இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்கிறோம். சூடான காற்றில் இறக்கையும் இன்ஜினும் புரொப்பெல்லரும் மூன்றுமே சோர்ந்துவிடும். சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் நிறுத்தியிருக்கிறோம்.

வாங்கும்போது நாங்கள் செய்த பெரிய தப்பு, பெயிண்டையும் இன்ஜின் சத்தத்தையும் பார்த்தது. லாக்புக்கை ஒரு மணி நேரம் புரட்டினோம், அவ்வளவுதான். பிறகுதான் புரொப்பெல்லர் பதிவில் நான்கு வருடம் காணவில்லை என்று தெரிந்தது. பழைய உரிமையாளர்கள் தேடித் தருவதாகச் சொன்னார்கள், தரவே இல்லை. பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்த புரொப்பெல்லரைக் கழற்றி ஓவர்ஹாலுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதில் எந்தக் கோளாறும் இல்லை என்றுதான் திரும்பி வந்தது. ஆனாலும் அனுப்பியது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பதிவு இல்லாத நான்கு வருடத்தில் அது எங்கே இடித்தது, எத்தனை மணி சுற்றியது என்று யாருக்குத் தெரியும்?

அடுத்து வந்தது சீட் ரயில். இந்த ரக செஸ்னாவில் முன் சீட்டுகள் ரயில் மேல் நகரும். ரயிலில் உள்ள ஓட்டையில் ஒரு பின் விழுந்து சீட்டைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டை தேய்ந்தால் பின் வழுக்கும். மூக்கைத் தூக்கி ஏறும் நேரத்தில் சீட் பின்னால் ஓடினால், கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலும் கூடவே பின்னால் வரும், மூக்கு இன்னும் தூக்கும். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் 100 மணி நேரத்துக்கு அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, ரயிலை அளந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பான எஃப்ஏஏ 2011இல் கட்டாய உத்தரவு போட்டது. எங்களுடையது 2018 சோதனையில் தேறவில்லை.

மச்சான் ரயிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதென்னங்கண்ணா, அலுமினியப் பட்டைதானுங்களே. நம்ம பட்டறையில ரெண்டு மணி நேரத்துல மில்லிங் போட்டுத் தந்துர்றனுங்க" என்றான்.

எங்கள் விமானப் பராமரிப்பு இன்ஜினியர் அண்ணா கோபப்படவில்லை. "போட்டுருவீங்க தம்பி, அளவும் சுத்தமா இருக்கும். ஆனா அந்த அலுமினியம் எந்த உருக்குல வந்துச்சு, என்ன ஹீட் ட்ரீட்மெண்ட், யாரு சோதிச்சாங்கன்னு கேட்டா எதைக் காட்டுவீங்க?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. அமெரிக்காவிலிருந்து எஃப்ஏஏ 8130-3 படிவத்தோடு (சாமான் விமானத்துக்குத் தகுதியானது என்ற சான்று) ரயில் வந்து சேரப் பதினோரு வாரம் ஆயிற்று. அவ்வளவு நாளும் விமானம் தரையில். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணா கேட்ட கேள்வி பட்டறை வரைக்கும் கூடவே வந்துவிட்டது. இப்போது எங்கள் பம்ப் ஷாஃப்ட் ஒவ்வொன்றிலும் ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கில் வந்த கம்பி என்ற எண், குத்துகிறோம். கிணற்றுக்குள் இறங்கிய மோட்டார் மூன்றாம் வருடம் ஷாஃப்ட் உடைந்து வந்தால், எந்த லாட் கம்பி என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவோம்.

பெட்ரோல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த இன்ஜினின் கம்ப்ரெஷன் 7:1தான். 80/87 என்ற பழைய ரக பெட்ரோலுக்காக வடிவமைத்தது. இன்று கிடைப்பது 100 எல்எல். பெயரில் 'குறைந்த ஈயம்' என்று இருந்தாலும், அனுமதிக்கப்பட்ட ஈய அளவு பழைய 80/87ஐப் போல நான்கு மடங்கு. அந்த ஈயம் ஸ்பார்க் பிளக்கில், குறிப்பாகக் கீழ் வரிசை நான்கில், சின்னச் சின்ன மணிகளாகக் கட்டிக்கொள்ளும். முதல் வருடம், கிளம்பும் முன் செய்யும் மேக்னெட்டோ (பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி) சோதனையில் இன்ஜின் உதறி இரண்டு முறை பறக்காமலே திரும்பினோம். இப்போது ஸ்டார்ட் ஆனதுமே, தரையில் ஓடும்போதே, மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோலை, நன்றாகக் குறைத்துவிடுகிறோம். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டு பிளக்கையும் கழற்றிச் சுத்தம் செய்கிறோம். அப்புறம் அந்தத் தொந்தரவு வரவில்லை. 2022 வரை இந்தப் பெட்ரோல் முழுக்க இறக்குமதிதான். அந்த வருடம் இந்தியன் ஆயில் வதோதராவில் உள்ள குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்க ஆரம்பித்தது. நம் ஊரிலேயே செய்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

பறப்பதைவிட நிறுத்தி வைப்பதுதான் இதற்குக் கெடுதல். லைகாமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இன்ஜினின் மேல் பக்கம் இருக்கிறது. சும்மா நின்றால் எண்ணெய் வடிந்துவிடும், ஐப்பசி ஈரத்தில் துரு பிடிக்கும், பிறகு கேம் செதில் செதிலாகப் போகும். அதற்காகத் தரையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதும் தப்பு. எண்ணெய் போதுமான அளவு சூடாகாமல் உள்ளே தண்ணீர் சேரும். அடைமழைக் காலத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வானம் வெளுத்த காலையில் ஒரு மணி நேரம் பறந்துவிடுகிறோம். ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்திலும் ஃபில்டரை வெட்டி விரித்து இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

மேம்படுத்தியதில் மூன்று சொல்லத் தக்கவை. ஒன்று, விமானம் விழுந்தால் உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன். பழையது 121.5இல் கத்தும், அதைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரி 1ஆம் தேதியே நிறுத்திவிட்டார்கள். ஏற்காட்டு மலைக்குப் பக்கத்தில் பறக்கிறவன் இதில் காசு பார்க்கக் கூடாது. அடுத்தது, வேக்குவம் பம்பில் ஓடிய செயற்கை அடிவானத்தை (வெளியே தெரியாதபோது விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி) எடுத்துவிட்டு மின்னணுக் கருவி பொருத்தியது. உலர் வகை வேக்குவம் பம்ப் முன்னறிவிப்பே தராது. எங்களுடையது சங்ககிரிக்கு மேலே ஒரு நொடியில் நின்றது. தெளிந்த வானமாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. மேகத்துக்குள் என்றால் நினைக்கவே பயமாக இருக்கிறது. வேலை மூன்று நாள், அதற்கான ஒப்புதல் வாங்க ஏழு மாதம். மூன்றாவது, மூக்கில் உள்ள இறங்கு விளக்கை எல்இடியாக மாற்றியது. அதிர்வில் வருடத்துக்கு இரண்டு பல்ப் போய்க்கொண்டிருந்தது, இப்போது இல்லை. இன்ஜினை 180 குதிரைசக்திக்கு மாற்றும் யோசனையும் வந்தது. எங்கள் தேவைக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

சேலத்திலிருந்து கோவைக்கு நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர். கிளம்பும் முன் ஃப்ளைட் பிளான், வானிலை, எஃப்ஐசி எண் (விமானத் தகவல் மையம் தருவது), ஏடிசி எண் (வான் பாதுகாப்பு அனுமதி) எல்லாம் வாங்கி முடிக்கவே பறக்கும் நேரத்தைவிட அதிகம் ஆகும். காற்று அமைதியாக இருந்தால் முக்கால் மணி நேரம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும், ஒரு மணி நேரம் ஆகிவிடும். அவிநாசி தாண்டியதும் குலுக்கலும் சேரும். போன தையில் அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். பவானி வந்ததும் காவிரியும் பவானியும் இரண்டு நிறமாகச் சேர்வதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். "அங்கதான கண்ணு அப்பாவைக் கரைச்சோம்" என்றார். நான் கூடுதுறையைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டேன்.

அடுத்த மாதம் ஆண்டுச் சோதனை. போன முறை காற்றழுத்தம் தாங்குகிறதா என்ற சோதனையில் நான்கு சிலிண்டரும் 80க்கு 74க்கு மேல் காட்டின. இந்தத் தடவை மேக்னெட்டோக்கள் 500 மணி நேரத்தை நெருங்குவதால் இரண்டையும் இறக்கித் திறந்து பார்க்க வேண்டும். பாயிண்ட் செட்டும் கார்பன் பிரஷ்ஷும் படிவத்தோடு ஏற்கெனவே வந்து பட்டறை அலமாரியில் இருக்கின்றன. மச்சான்தான் ஒவ்வொரு பெட்டியிலும் சீரியல் எண்ணை எழுதி ஒட்டி வைத்திருக்கிறான்.