கழுத்தில் நெறிக்கட்டியா? பொட்டல மாத்திரையை நம்பாதீர்கள்

சேலத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளினிக் பெயரைச் சொல்லப் போவதில்லை.

என் தம்பி செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறான். சித்திரையில் அவனுக்கு வலது காதுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. புளியங்கொட்டை அளவு, வலியே இல்லை. "நெறி கட்டியிருக்குடா, பல்லைக் காட்டு" என்றார் அம்மா. அம்மா சொன்னதில் தப்பில்லை. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். சொத்தைப் பல், தொண்டைப் புண், தலையில் பேன் புண் என்றால் கழுத்தில் கட்டும். அப்படி வருவது பெரும்பாலும் தொட்டால் வலிக்கும், புண் ஆறியதும் தானாக வற்றும். இவனுக்கோ பல்லும் தொண்டையும் சரியாக இருந்தன, கட்டி மட்டும் ஒரு மாதம் தாண்டியும் போகவில்லை.

அப்புறம்தான் அந்தக் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "உஷ்ணக் கட்டி" என்றார். இடுப்பில் ஒரு ஊசி, காகிதப் பொட்டலத்தில் ஐந்து நாள் மாத்திரை, 300 ரூபாய். மருந்துச் சீட்டு கிடையாது. நாலே நாளில் கட்டி பாதியானது. கைராசிக்காரர் என்று நானே தெருவில் நாலு பேருக்குச் சொன்னேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. மாத்திரை தீர்ந்ததும் கட்டி திரும்பியது. மறுபடி ஊசி, மறுபடி பொட்டலம் என்று இரண்டரை மாதம் ஓடியது. தம்பிக்கு முகம் உப்பி, பசியும் கூடியது. உடம்பு தேறுகிறான் என்று வீட்டில் சந்தோஷம் வேறு.

பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டிகள் முளைத்து, மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். "ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்மா" என்றார். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் அவரே கட்டியைக் கீறிவிட்டார், 4,500 ரூபாய். மூன்று வாரமாகியும் புண் ஆறாமல் நீர் கசிந்தது.

சேலம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அங்கே டாக்டர் தம்பியின் முகத்தைப் பார்த்ததுமே, "ஸ்டீராய்டு யார் கொடுத்தது?" என்றுதான் முதலில் கேட்டார். வீக்கத்தைச் சட்டென்று வற்ற வைக்கும் மருந்தாம் அது; முகம் உப்பியதும் பசி கூடியதும் அதனால்தானாம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் தடவிப் பார்த்தார். கட்டியில் மெல்லிய ஊசியால் செல் எடுத்தார்கள், எஃப்.என்.ஏ.சி. என்கிறார்கள். கசிந்த சீழையும் டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த பதில்: டிபி. இருமலே இல்லையே, நெஞ்சு எக்ஸ்ரேவும் சுத்தமாக இருக்கிறதே என்றேன். நுரையீரலில் இல்லாமல் நெறிக்கட்டில் மட்டும்கூட டிபி வரலாம், அந்தக் காலத்தில் கண்டமாலை என்று சொன்னார்களே அதுதான் என்றார். அந்த மாதிரிக் கட்டியைக் கீறினால் புண் ஆறாமல் புரையோடும் என்பதும், ஊசி குத்திச் செல் எடுப்பதால் கேன்சர் பரவும் என்று பயப்பட வேண்டியதில்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதுவே நிணநீர்க் கேன்சராக இருந்திருந்தாலும் ஸ்டீராய்டு போட்டதும் கட்டி சுருங்கியிருக்குமாம். அப்புறம் சதை எடுத்துப் பார்த்தாலும் நோய் பிடிபடாமல் போகலாமாம். ஒரு மாதம் தாண்டியும் போகாத கட்டி, கல்போல் கெட்டியாக அசையாத கட்டி, காரை எலும்புக்கு மேலே வருகிற கட்டி, கூடவே சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவது: இதில் எது இருந்தாலும் உடனே பரிசோதிக்க வேண்டும் என்றார்.

மருந்து ஆறு மாதம், இலவசம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு மூன்று. சத்தான சாப்பாட்டுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் தம்பி அலறிவிட்டான், மாத்திரையின் நிறமாம் அது. இரண்டாம் மாதம் ஒரு கட்டி மறுபடி வீங்கியபோது நானும் அலறினேன். மருந்து வேலை செய்யும்போதே சிலருக்கு அப்படி வருமாம், நிறுத்தக் கூடாதாம்.

இப்போது நாலாவது மாதம். புண் காய்ந்துவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. போன வாரம் அந்தக் கிளினிக்குக்குப் போய், என்ன மாத்திரை கொடுத்தீர்கள், பெயரையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். டாக்டர் உள்ளேயே இருந்தார். "பழசையெல்லாம் யாருங்க எழுதி வைக்கிறாங்க" என்றார் கம்பவுண்டர், அடுத்தவருக்குப் பொட்டலம் மடித்துக்கொண்டே.