டிக்கியில் 12 இன்ச் சப்வூஃபர்: நான்கு ஆண்டு ஓட்டத்தில் எது தாங்கியது, எது தளர்ந்தது

அமைப்பு இதுதான். 35 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக், காரோடு வந்த ஸ்டீரியோ, டிக்கியில் 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் அடித்த 28 லிட்டர் மூடிய பெட்டி. பெட்டிக்குள் 300 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து ஓடும் சக்தி) தாங்கும், 4 ஓம் இரட்டைக் காயில் (கம்பிச்சுருள்) கொண்ட 12 இன்ச் சப்வூஃபர், அதாவது பேஸுக்கான ஸ்பீக்கர். அதை ஓட்டுவது 2 ஓமில் 400 வாட் தரும் கிளாஸ் டி மோனோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). தமிழ்நாட்டு வெயிலிலும் மழையிலும் நான்கு ஆண்டு ஓடியாயிற்று. வூஃபரும் ஆம்பும் ஒரு பழுதும் காட்டவில்லை. கவனம் கேட்டதெல்லாம் இணைப்புகள்தான்: ஃபியூஸ் ஹோல்டர், எர்த் போல்ட், ஆம்பின் டெர்மினல் ஸ்க்ரூ. கடையில் வாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள், வயரைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. அதனால் வயரிலிருந்தே தொடங்கலாம்.

400 வாட் ஆம்ப், 80 சதவீதத் திறனில், 13.8 வோல்ட்டில் முழு வீச்சில் சுமார் 36 ஆம்பியர் இழுக்கும். பேனட்டிலிருந்து டிக்கி வரை சிறிய காரில் 5 மீட்டர் கேபிள் போகும். 8 கேஜ் சுத்தச் செம்பில் இந்த நீளத்துக்கு ஏறக்குறைய 0.37 வோல்ட் இழப்பு. 4 கேஜில் அது 0.15 வோல்ட்தான் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்). கிட் என்று அட்டைப்பெட்டியில் விற்பதில் பெரும்பாலும் இருப்பது செம்பு பூசிய அலுமினியம். அதே 8 கேஜில் இழப்பு 0.6 வோல்ட் பக்கம் போய்விடும். வெட்டிய முனையில் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். ஈயம் பூசிய செம்பும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் சுரண்டினால் சிவக்கும். 4 கேஜ் என்றால் 21 சதுர மி.மீ. செம்பு இருக்க வேண்டும். தடித்த ரப்பர் உறைக்குள் அதில் பாதிகூட இல்லாத வயர்களும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. நம்பகமான வயர் கிடைக்காவிட்டால் ஹார்டுவேர் கடையில் 25 சதுர மி.மீ. செம்பு வெல்டிங் கேபிள் வாங்கலாம். வளைந்து கொடுக்கும், மின்னோட்டமும் தாராளமாகத் தாங்கும். ஆம்பின் டெர்மினல் துளைக்குள் நுழையுமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மெயின் ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 செ.மீ.க்குள் இருந்தாக வேண்டும். அது காப்பது ஆம்பை அல்ல, வயரை. ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) தகரத்தில் உறை கிழிந்து வயர் பாடியைத் தொட்டால், ஃபியூஸ் இல்லாத பேட்டரி சில நொடிகளில் அந்த வயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். இந்த அமைப்புக்கு 60 ஆம்பியர் மினி ஏ.என்.எல். (திருகி இறுக்கும் தட்டை ஃபியூஸ்) போதும். கண்ணாடிக் குழல் போன்ற ஏ.ஜி.யூ. ஃபியூஸை வாங்கவே வேண்டாம். அதன் இரு முனைகளும் பிடிமானமின்றித் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் சூடேறி, ஃபியூஸ் போகாமலே ஹோல்டர் உருகும். ஹோல்டரின் ஒளிபுகும் மூடி பழுப்பாக மாறத் தொடங்கினால் உள்ளே இணைப்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். சீட் பெல்ட், ஏர்பேக் வயர்கள் மஞ்சள் உறையில் வரும். அவற்றைத் தொடவோ அவற்றோடு சேர்த்துக் கட்டவோ கூடாது. ஃபயர்வாலில் புதுத் துளை போடுவதைவிட, ஏற்கெனவே வயரிங் நுழையும் ரப்பர் உறையின் ஓரத்தில் சிறு துளையிட்டு நுழைப்பது நல்லது. நுழையுமுன் வயர் ஒரு முறை கீழே தொங்கி மேலேறட்டும். அப்போதுதான் மழைநீர் அந்த வளைவில் சொட்டும், வயர் வழியே காருக்குள் இறங்காது. இதைச் செய்யாத கார்களில் ஐப்பசி மழைக்குப் பின் கால்மிதி கார்பெட் நனைந்து நாற்றம் எடுப்பதைப் பார்க்கலாம். பேனட்டுக்குள் போகும் பகுதி முழுக்க நெளிவுக் குழாய் போடுங்கள். சூட்டுக்கு மட்டுமல்ல, எலிக்கும்தான்.

பவர் வயர் இடப்பக்க வாசற்படி ஓரமாகப் போனால், ஒலிச் சிக்னலை ஆம்புக்குக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயர் வலப்பக்கமாகப் போகட்டும். எங்காவது குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

எர்த் விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். வயரின் தடிமன் பாசிட்டிவுக்குச் சமமாக இருக்க வேண்டும், நீளம் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பாடியோடு வெல்டு செய்யப்பட்ட தடித்த தகரம் உள்ள இடத்தைத் தேர்ந்து, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, பளபளப்பான உலோகம் தெரிந்த பிறகு லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது விபத்தில் உயிரைப் பிடிக்கும் போல்ட். அடியில் லக் நுழைந்தால் அதன் இறுக்கம் மாறிவிடும். இறுக்கிய பின் மேலே கிரீஸோ பெயிண்டோ பூசுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் சுரண்டிய இடம் விரைவிலேயே துரு பிடிக்கும். ஈயப்பூச்சு லக் அங்கே கட்டாயம்.

எர்த் சரியா என்று மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. மீட்டரின் ஒயர்களே 0.2 ஓம் காட்டும். அதற்குப் பதில், பேஸ் உள்ள பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, ஆம்பின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே டி.சி. வோல்ட் பாருங்கள். 0.1-க்குள் இருந்தால் அருமை. 0.3-ஐத் தாண்டினால் இணைப்பைக் கழற்றி மறுபடி செய்ய வேண்டியதுதான். இன்னொன்று: பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே சென்சார் உள்ள கார்களில் கூடுதல் எர்த் எதையும் நேராக அந்த முனையில் மாட்டக் கூடாது. ஆம்ப் இழுக்கும் மின்னோட்டம் சென்சாரின் கணக்கில் வராமல், பேட்டரி சார்ஜை கார் தவறாகக் கணிக்கும்.

காரோடு வந்த ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. அவுட் பெரும்பாலும் இருக்காது. பின் ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுத்து, அதை நேரே ஏற்கும் ஆம்பின் ஹை லெவல் இன்புட்டுக்கோ, ஆர்.சி.ஏ.-வாக மாற்றும் கன்வெர்ட்டருக்கோ தர வேண்டும். வயரை வெட்டாமல் இடையில் மாட்டும் கப்ளர் வாங்குவதே நல்லது. வெட்டினால் மின் பாகங்களுக்கான வாரண்டியில் சிக்கல் வரும். கடித்துப் பிடிக்கும் நீல நிற டேப் கிளிப் இரண்டு கோடையில் தளர்ந்துவிடும். இன்சுலேஷன் டேப்பின் பசையும் வெயிலில் உருகி வழியும். சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போட்ட இணைப்பு நான்கு ஆண்டிலும் அசையவில்லை.

ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயரைச் சாவி திருப்பினால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸிலிருந்து எடுக்க வேண்டும். அவசரத்தில் நேரடி 12 வோல்ட்டில் மாட்டினால் ஆம்ப் சும்மாவே அரை முதல் ஒரு ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டிருக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மூன்று நாளில் படுத்துவிடும்.

காயில் கணக்கு: இரண்டு 4 ஓம் காயிலை இணையாகக் கட்டினால் 2 ஓம், தொடராகக் கட்டினால் 8 ஓம். இங்கே வேண்டியது 2. ஆம்பில் மாட்டும் முன் மீட்டரில் பாருங்கள், 1.6-லிருந்து 1.9 வரை காட்டினால் சரி. 2 ஓம் இரட்டைக் காயில் வூஃபரைத் தவறி வாங்கி இணையாகக் கட்டினால் 1 ஓம் ஆகும். 2 ஓம் வரை மட்டுமே தாங்கும் ஆம்ப் புரொடெக்‌ஷனில் போய் அணையும்.

அடுத்தது கெயின். அது வால்யூம் குமிழ் அல்ல. ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. வூஃபரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவின் பேஸ், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, ஆம்பின் பேஸ் பூஸ்ட்டையும் பூஜ்யமாக்கி, வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, 0 டி.பி. அளவில் பதிந்த 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிடுங்கள். மலிவான மல்டிமீட்டரும் 50 ஹெர்ட்ஸில் ஏ.சி. வோல்ட்டைச் சரியாகக் காட்டும், நம் வீட்டு மின்சாரமும் அதே அலைவெண்தானே. 300 வாட்டை 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 24.5 வோல்ட். கெயினை மெல்லத் திருப்பி, ஸ்பீக்கர் டெர்மினலில் அந்த அளவு வந்ததும் நிறுத்துங்கள். ஆம்ப் 400 வாட் தருமென்றாலும் வூஃபருக்கு 300தான். காயில் கருகும் வாசனை வருவதற்குப் பெரும்பாலும் காரணம், கெயினை முழுக்கத் திருப்பி அலையின் தலை வெட்டுப்பட்டு ஓடுவது. லோ பாஸ், அதாவது உயர் ஒலிகளை வடிகட்டும் திருகு, 80 ஹெர்ட்ஸில் நிற்கட்டும். ஃபேஸ் சுவிட்சை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி இன்னொருவரை மாற்றச் சொல்லிக் கேட்டு, பேஸ் கனமாகக் கேட்கும் பக்கத்தில் விட்டுவிடுங்கள்.

ஹெட்லைட் பேஸுக்கு ஏற்ப மங்கினால் 1 ஃபாரட் கெப்பாசிட்டர் போடச் சொல்வார்கள். 14-லிருந்து 12 வோல்ட் வரை இறங்கும்போது அது தருவது 26 ஜூல். 400 வாட் ஆம்புக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. அந்தப் பணத்தில் எர்த்தைச் சரிசெய்யலாம், பழைய பேட்டரியை மாற்றலாம். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் சத்தம் வந்தால், முதலில் ஆம்பில் ஆர்.சி.ஏ.-வைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு ஆம்புக்கு முன்னால் இருக்கிறது: ஸ்டீரியோவின் எர்த்திலோ வயர் போகும் பாதையிலோ.

இனி நான்கு ஆண்டில் தெரிந்தவை. முதல் ஆறு மாதத்தில் ஆம்பின் டெர்மினல் ஸ்க்ரூக்கள் கால் சுற்று தளர்ந்திருந்தன. செம்பு இழைகள் அழுத்தத்தில் படிவதால் இது எந்த அமைப்பிலும் நடக்கும். முனையில் ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழல்) போட்டு இறுக்கிய பிறகு தளர்வு நின்றது. ஆண்டுக்கு ஒரு முறை அந்த வோல்ட் இழப்புச் சோதனையைச் செய்வது பத்து நிமிட வேலைதான். இரண்டாம் மழைக்காலத்தில் பெட்டியின் அடிப்பலகை ஓரம் லேசாக உப்பியது, எம்.டி.எஃப்.-க்கு ஈரம் ஆகாது. நான்கு ரப்பர் கால்கள் வைத்து அரை இன்ச் உயர்த்தியதோடு அது நின்றது. வூஃபரின் ரப்பர் விளிம்பு இன்னும் மிருதுவாகவே இருக்கிறது. ஃபோம் விளிம்பு இந்த ஈரப்பதத்தில் இத்தனை நாள் நிற்பது கடினம். ஆம்பைப் பெட்டியின் மேல் திருகாமல், பின் இருக்கையின் முதுகில் பலகை வைத்து, சுற்றிலும் 5 செ.மீ. இடம்விட்டுப் பொருத்தியிருப்பதால் சித்திரை வெயிலில் நிறுத்தி எடுத்த அன்றும் சூட்டில் அணைந்ததில்லை.

தீராத குறை இரண்டு. நம்பர் பிளேட்டும் டிக்கிக் கதவின் பிளாஸ்டிக்கும் 45 ஹெர்ட்ஸ் பக்கம் அதிரும், ஃபோம் டேப்பை ஆண்டுக்கொரு முறை புதிதாக ஒட்ட வேண்டியிருக்கிறது. பெட்டி ஸ்டெப்னிக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால், பஞ்சர் ஆனால் சாலையோரத்தில் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வயரில் ஒரு மீட்டர் மிச்சம் விட்டு, வூஃபர் பக்கம் இழுத்தால் கழன்று வரும் கனெக்டர் போட்டிருந்தால் இது இரண்டு நிமிட வேலை. புதிதாகச் செய்பவர்கள் அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.