கோல்ஃப் கருவியை வேட்டைக் கருவி என்று விற்கிறார்கள், கவனம்

அமெரிக்காவின் வயோமிங்கில் ப்ராங்ஹார்ன் (மான் மாதிரியான விலங்கு) வேட்டை லைசென்ஸ் குலுக்கலில் கிடைத்து, இப்போது லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) தேடிக்கொண்டிருக்கும் நம்ம ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டியில் "1500 கெஜம்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, மேலே கேமோ (காட்டு இலை டிசைன்) ஒட்டி, "லாங் ரேஞ்ச் ஹன்டிங்" என்று ஆன்லைனில் விற்கும் மலிவுக் கருவி ஒன்றை வாங்கி நான் நன்றாக ஏமாற்றப்பட்டிருக்கிறேன். விற்றவன் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே சரக்கைப் பல பேர் பல பெயரில் விற்கிறார்கள்.

வீட்டுப் பக்கம் மரத்தையும் ரோட்டோரப் போர்டையும் பார்த்தபோது எல்லாம் சரியாகவே காட்டியது. வேட்டைக்குப் போன இடத்தில்தான் வண்டவாளம் தெரிந்தது. சேஜ் புதர்களுக்கு அப்பால் ஒரு ஆண் ப்ராங்ஹார்ன் அசையாமல் நிற்கிறது, பட்டனை அமுக்கினால் 412 கெஜம். கூட வந்த நண்பரின் கருவியில் அதே மிருகம் 488. இரண்டாவது முறை அமுக்கியபோது என்னுடையது உள்ளங்கையில் விர்ரென்று அதிர்ந்தது, திரையின் மூலையில் குட்டியாக ஒரு கொடி படம். கோல்ஃப் குழியில் நட்டிருக்கும் கொடி! கோல்ஃப் கருவி கிட்டத்தில் இருக்கும் பொருளைத்தான் பிடிக்கும், ஏனென்றால் கொடிக்குப் பின்னால்தான் மரங்கள் இருக்கும். வேட்டையில் கதை நேர்மாறு, முன்னால் இருக்கும் புல்லையும் புதரையும் தாண்டிப் பின்னால் இருப்பதைப் பிடிக்க வேண்டும். நான் சுடவில்லை. என் 6.5 க்ரீட்மோர் துப்பாக்கியில் அந்த 76 கெஜ வித்தியாசத்துக்குக் குண்டு ஒரு அடிக்கு மேல் கீழே இறங்கியிருக்கும், ஒன்று வயிற்றுக்குக் கீழே போயிருக்கும், இல்லாவிட்டால் காலை உடைத்திருக்கும். கால் உடைந்த ஒரு ஜீவன் அந்த வெட்டவெளியில் எத்தனை மைல் ஓடிச் சாகும் என்று நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

இதைவிட மோசம் அதன் சரிவுக் கணக்கு. துப்பாக்கிக்கு மேட்டைப் பார்த்தாலும் பள்ளத்தைப் பார்த்தாலும் தூரத்தைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும், 30 டிகிரி சரிவில் 500 கெஜம் என்றால் சுட வேண்டியது ஏறக்குறைய 433-க்கு. இதுவோ கோல்ஃப் பந்துக்கான கணக்கைப் போட்டு, மேட்டைப் பார்த்தால் தூரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. மலைச்சரிவில் எல்க் என்கிற பெரிய மானைத் தேடிப் போகிறவர் இதை நம்பினால் என்ன ஆகும்?

அப்புறம் அந்த 1500. புகார் அனுப்பிய பிறகு, அது பளபளப்பான போர்டுக்கான தூரம் என்று பதில் வந்தது. மான் தோல் லேசரைச் சரியாகத் திருப்பி அனுப்பாது, நல்ல வெயிலில் இன்னும் மோசம், பாதித் தூரம்கூட எட்டாது. நேர்மையான கம்பெனிகள் போர்டு, மரம், மான் என்று மூன்று எண்ணையும் தனித்தனியாகப் போடுவார்கள். மான் எண் இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். லேசர் பீம் எவ்வளவு விரியும் என்றும் கேளுங்கள்: 3 மில்லிரேடியன் (விரிவைச் சொல்லும் கோண அளவு) என்றால் 500 கெஜத்தில் நாலரை அடி, ப்ராங்ஹார்னோ தோள்வரைக்கும் மூன்றடிதான். திரை எழுத்து சிவப்பாக ஒளிர வேண்டும். வயோமிங்கில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே சுடலாம், அந்த அரை இருட்டில் என் கருவியின் கறுப்பு எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை.

பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள். பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கொடி படம் தெரியும்படி திரையைப் போட்டோ எடுத்து, "ஹன்டிங்" என்று போட்ட விளம்பரத்தையும் சேர்த்து கிரெடிட் கார்டு கம்பெனியில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பிக் கேட்கும் புகார்) போட்டிருக்கிறேன். இதே கருவி யாரிடமாவது இருந்தால் விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், என் புகாருக்குப் பிறகு அதில் வாசகங்களை மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.