வீட்டுக்குள் டவர் கிடைக்கலையா: ஃபெம்டோசெல்லா, வைஃபை காலிங்கா?

பிராட்பேண்ட் நன்றாக வருகிறது, போனில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை. அமெரிக்கப் புறநகர் வீடுகளில், குறிப்பாக பேஸ்மெண்டில், இது பழைய புலம்பல். இதற்கு இரண்டு வழி: ஃபெம்டோசெல் என்பது பிராட்பேண்டில் இணைத்தால் வீட்டுக்குள் குட்டி செல்போன் டவராக வேலை செய்யும் பெட்டி; வைஃபை காலிங் என்பது டவருக்குப் பதில் வைஃபை வழியாகவே போனில் பேசுவது.

செலவு
ஃபெம்டோசெல்: அமெரிக்க செல்போன் நிறுவனமான ஏடி&டி 2010இல் நாடு முழுக்க விற்ற மைக்ரோசெல் என்ற ஃபெம்டோசெல் சுமார் 150 டாலர்.
வைஃபை காலிங்: இருக்கிற ரவுட்டரே போதும்.

அமைப்பு
ஃபெம்டோசெல்: இங்கேதான் பொறுமை வேண்டும். பெட்டியை ரவுட்டரில் செருகினால் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது ஜிபிஎஸ் சிக்னலைப் பிடிக்க வேண்டும். நிறுவனத்துக்கு அலைவரிசை உரிமம் உள்ள இடம்தானா என்று பார்க்க, அவசர அழைப்புக்கு இருப்பிடம் காட்ட என இரண்டுக்கும் அது தேவை. அதனால் ஜன்னலோரம்தான் அதற்கு இடம். சிக்னல் இல்லாத பேஸ்மெண்டுக்காக வாங்கியதை மாடி ஜன்னலில் வைப்பது வேடிக்கைதான்.
வைஃபை காலிங்: செட்டிங்ஸில் ஒரு பட்டன். அமெரிக்க அவசர எண்ணான 911க்கான முகவரியை மறக்காமல் பதியுங்கள்.

போன்
ஃபெம்டோசெல்: பெட்டி தரும் சிக்னலில் (3ஜி அல்லது 4ஜி) பேசக்கூடியது என்றால் பட்டன் போனுக்கும் சரி.
வைஃபை காலிங்: போனும் நிறுவனமும் ஆதரிக்க வேண்டும்.

ஆயுள்
ஃபெம்டோசெல்: 2022இல் ஏடி&டி 3ஜியை மூடியதும் மைக்ரோசெல் வெறும் பெட்டியானது.
வைஃபை காலிங்: அப்படி முடங்க தனிப்பெட்டி ஏதுமில்லை.

கரண்ட் போனால் இரண்டும் அவுட். மோடத்துக்கு யுபிஎஸ் வையுங்கள்.

புது போன் உள்ளவர்கள் காசைச் செலவழிக்க வேண்டாம். வைஃபை காலிங் இல்லாத போனை விடமாட்டேன் என்கிற பெரியவர் வீட்டில் இருந்தால், அவருடைய நிறுவனம் 4ஜி பெட்டி தந்தால் மட்டும் ஃபெம்டோசெல். அதற்கும் முன், அந்தப் போன் 4ஜியில் பேசுமா என்று பாருங்கள்.